வட ஆற்காட்டில் ஒரு சுக்கான் தூண்

சென்னையிலிருந்து பார்சல் லாரியில் வந்தது,
பழைய சாக்கில் சுற்றி, நைலான் கயிறு கட்டி.
ரசீதில் 'மெஷின் பாகம், ஒன்று.'
இடுப்பு உயரம். உச்சியில் திசைகாட்டி.
நடுவில் சக்கரம் மாட்டிச் சுழன்ற அச்சு.
பாய்மரப் படகின் சுக்கான் தூண் என்று
போனில் சொன்னார் அனுப்பிய பெர்னார்டு.
ராணிப்பேட்டை சிப்காட்டில் எங்கள் பட்டறைக்கு
கேட்டும் கிரில்லும் தோல் ஷாப் டிரம்மின் பட்டையும்தான் வரும்.
"படகா?" என்றான் ஜபருல்லா.
"பாலாத்துக்குக் கொஞ்சம் லேட்டு."

வெள்ளைப் பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தது.
நகத்தால் கீறினேன். அப்பளமாக உடைந்தது.
அடியில் சிவப்பு இல்லை. அலுமினியம் அப்படி அழாது;
சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடியாகி
விரல் பட்டால் பள்ளம் விடும்.
போல்ட் நாலும் எவர்சில்வர்.
இரண்டும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால்
ஒன்றால் மற்றது கரையும்.
கரைய வைத்தது பளபளவென்றே இருக்கும்.
ஐடிஐயில் படித்தது இது.
பிறகு சில வீடுகளிலும் பார்த்தேன்.

மூன்று போல்ட் டீசலுக்கும் சூட்டுக்கும் இளகின.
நாலாவது, தலையை மட்டும் கொடுத்தது.
மூன்று எம்.எம்., ஐந்து, ஆறரை என்று
துளையை அகட்டிக்கொண்டே போனேன்.
இரண்டு பிட் உடைந்தன.
மூன்றாவதை வாங்கக் கடைக்குப் போனவன்
டீயும் குடித்துவிட்டுத்தான் வந்தான்.
மிச்சம் வெளியே வந்தபோது கூடவே
ஒரு சிட்டிகை ஈர உப்பு.
யாரும் பார்க்காதபோது நாக்கில் வைத்தேன்.
கடலில் நான் கால் வைத்தது ஒரே முறை,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

கழற்றிய திசைகாட்டி ஜன்னல் விளிம்பில் இருந்தது.
எண்ணெயில் மிதக்கும் அதன் அட்டை
இரும்புக் குவியலைப் பார்த்து நின்றது.
தள்ளி வைத்தேன். வெல்டிங் மேசையைப் பார்த்தது.
எதிர்ச்சுவரில் பழைய போர்டு: 'வ.ஆ. மாவட்டம்.'
மாவட்டம் பிரிந்து, பெயர் மாறி, மறுபடி பிரிந்தும்
அந்த வகரத்தின் மேல் யாரும் பிரஷ் வைக்கவில்லை.
வடக்கு எதுவென்று எங்களைக் கேட்டால்
அதைத்தான் காட்டுவோம்.

முதல் பூச்சுக்கு பெர்னார்டே கொடுத்தனுப்பிய டப்பா.
மஞ்சள் குரோமேட்.
மூடியில் ஸ்குரூ டிரைவரை வைத்தேன், நெம்பவில்லை.
கம்பெனி மூடிய பிறகும் மழை விட்ட மறுநாள்
மண்ணிலிருந்து ஊறி வரும் அந்த மஞ்சள்.
எங்கள் கிணற்று வாளியில் அது ஏறிய வருஷம்
கிணற்றின் மேல் சிலாப் போட்டோம்.
இப்போது அதன் மேல் ஸ்கூட்டி நிற்கிறது.

போன் செய்தேன்.
"அமிலத்தில் கழுவி எபாக்சி பிரைமர் போடறேன் சார்."
"குரோமேட் மாதிரி வேற எதுவும் பிடிக்காதும்மா."
"தெரியும் சார்.
எங்க ஊரைப் பிடிச்சது இன்னும் விடல."
லைனில் கொஞ்ச நேரம் காற்று.
அங்கே கடல் பக்கத்தில் இருக்கும் போல.
"சரி," என்றார், "நீங்க சொல்ற மாதிரியே."

சாம்பல் ஒரு கோட். வெள்ளை இரண்டு.
இரண்டாவது காய்வதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து
மேல்காற்று ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது.
அறுநூறாம் நம்பர் தாளை நனைத்து, வட்டமாகத் தேய்த்து,
மறுபடி அடித்தேன், கதவைச் சாத்தி, வியர்வை கண்ணில் இறங்க.
அடிப்பக்கம் ஒரே ஒரு மணல் தங்கிவிட்டது.
தடவினால்தான் தெரியும்.
யார் குனிந்து தடவப் போகிறார்கள்?
போல்ட்டுக்கு போல்ட் நைலான் வாஷர் கொடுத்தேன்.
தொடாமல் இறுகட்டும்.

ரசீதில் மறுபடி 'மெஷின் பாகம், ஒன்று.'
ஏற்றும்போது அட்டை ஒரு சுற்று ஆடி நின்றது.
டிரைவர் எட்டிப் பார்த்தான்.
"இன்னாக்கா இது, எதைக் காட்டுது?"
"இப்போதைக்கு உன் லாரியை."