பன்னிரண்டு

டொங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
காலை ஆறரைக்கு வேன் கண்ணாடியில் கருஞ்சாம்பல்,
வைப்பர் தள்ளத் தள்ளக்
கோடு கோடாய் இழுபடும்.
அதைத் துடைத்துவிட்டுத்தான் முதல் பிள்ளை.

பதினொரு பிள்ளைகள்.
ஏறியதும் ஓர் எண்ணிக்கை, இறங்குமுன் ஓர் எண்ணிக்கை.
தமிழில்தான் எண்ணுவோம்.
ஆளுக்கோர் எண், அவரவர் எண்ணை அவரவரே கத்த வேண்டும்.
நாலு, தேஷ்னி. ஏழு, யுவேஷன்.
கடைசி இருக்கையில் நோக்வாண்டா, வீட்டில் சூலு பேசுகிறவள்,
பல்லில் மிட்டாய் ஒட்டியதுபோல்
மென்று மென்று சொல்வாள் பதினொன்றை.
அவள் சொன்ன பிறகுதான் கியர் விழும்.

பள்ளிக்கூடத்துக் கேட்டையும் சொல்ல வேண்டும்.
இரண்டு ஆள் உயர வேலி,
மேலே மின்கம்பி,
கீழே மிஸ்டர் டிலாமினியும் அவருடைய நோட்டும்.
பெயர், வண்டி எண், வந்த காரணம், நேரம், கையெழுத்து.
எட்டு வருஷமாக வருகிறேன்,
இன்றைக்கும் மோகாம்பரியை எழுத்துக்கூட்டிக் கேட்பார்.
ஒருமுறை கல்வி இலாகா அதிகாரியையே
காரணம் சரியாக எழுதவில்லை என்று வெயிலில் நிறுத்திவைத்தார்.
எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்தப் புதன்கிழமை மில்லுக்கு முன்னால் லாரி வரிசை.
நின்றபடியே எண்ணினோம்.
ஒன்பது. பத்து.
நோக்வாண்டா மென்று முடித்தாள்.
கியரில் கை வைத்தேன்.

"பன்னிரண்டு."

ஆண் குரல். வளர்ந்த ஆளின் குரல்.
சிரிப்போடு.

கண்ணாடியில் பார்த்தேன், பதினொரு தலை.
யுவேஷன் மடியில் டேப்லெட்,
ஹெட்போன் வயர் கழன்று தொங்குகிறது.
திரையில் கட்டம் கட்டமாய் ஒரு வீடு,
வாசலில் பச்சைத் தொப்பி போட்ட பொம்மை
குதித்துக்கொண்டே இருந்தது.

பதினொன்று வரை எங்களிடம் கேட்டுக் கற்றிருப்பான்.
பன்னிரண்டை நாங்கள் சொன்னதே இல்லை.
தேடிப் படித்திருக்கிறான்.

வண்டியைக் கரும்போரம் ஒதுக்கினேன்.
பிடுங்கத்தான் கை போனது.
மைக்கை மட்டும் அணைத்துவிட்டு மடியிலேயே விட்டேன்.
"யாரு கண்ணா அது?"
"ஃப்ரெண்ட். ஒன்பது வயசு. ஜலதோஷம், அதான் குரல் அப்படி."
"என்னவெல்லாம் கேட்பான்?"
சாக்ஸ் என்ன நிறம்.
சட்டைப் பையில் என்ன படம்.
அம்மா கடையிலிருந்து எத்தனை மணிக்கு வருவாள்.
"அம்மாகிட்ட சொல்லிடாதேன்னான்.
சொன்னா டேப்லெட்டைப் பிடுங்கிடுவாங்கன்னான்."

சுருக்கென்றது.
அவனை மெய்யாக்க
இருந்தது என் கை.

வனீஷா ஹார்டுவேர் கடைக் கல்லாவில் நின்றபடி
ஒவ்வொன்றாகப் படித்தாள்,
எல்லாவற்றையும் அழிக்கப் போனாள்.
அழிக்காதே என்றேன்.
பையனை அடிக்காதே என்றும்.
இரண்டாவதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை,
அவனைக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்து
ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே கட்டிக்கொண்டு நின்றாள்,
வரிசையில் ஐந்து பேர்.

காவல் நிலையத்திலும் ஒரு படிவம்.
பெயர், முகவரி, வயது.
பச்சைத் தொப்பி என்று எழுதிவிட்டுப்
பேனாவைப் பார்த்தாள் அந்தப் பெண் போலீஸ்.
சைபர் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னாள்.
அனுப்பியிருப்பாள்.

மிஸ்டர் டிலாமினியிடம் சொன்னபோது
பதில் பேசாமல் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார்,
நாள் நாளாக, விரல் வைத்து,
எங்கோ ஒரு வரி விட்டுப்போனதுபோல.

திங்களன்று எண்ணிக்கையைத் திருப்பிப்போட்டேன்.
பதினொன்றில் தொடங்கி ஒன்றில் முடிக்க வேண்டும்.
ஒன்றுக்கு அப்புறம் எவனும் ஏற முடியாது என்பது என் கணக்கு.
ஏழில் நின்றது.
பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது, அடிக்கட்டும்.
"ஏழு" என்றான் யுவேஷன்
டிபன் டப்பாவைப் பார்த்தபடி.
பிறகு மளமளவென்று ஒன்றுவரை இறங்கி வந்தது.
கியரில் கை வைத்தேன்.

"ஆன்ட்டி, அதுக்கப்புறம் சைபர் இருக்கே?"
நோக்வாண்டாதான்.

கண்ணாடியில் பார்த்தேன்.
அப்புறம் இறங்கிப் போய்
இருக்கைகளுக்கு அடியிலும் பார்த்தேன்.