உடன் வந்தவர்

படிவத்தில் ஒரு கோடு விட்டிருந்தார்கள்,
கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
உடன் வந்தவர் பெயர்.
அதன் பக்கத்தில்
உறவுமுறை.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, ராத்திரி இரண்டே கால்.
பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள்.
பேஷண்ட் பேரு?
சம்பா.
சம்பாவா? நெல்லா?
சம்பா முர்மு சார். தும்கா பக்கம், ஜார்க்கண்ட்.
நீ யாரும்மா?

கழுத்து அட்டைக்குத் தெரியும்:
ப. முனிலட்சுமி, லைன் சூப்பர்வைசர்.
போச்சம்பள்ளி ஷூ கம்பெனி, மூணாவது லைன்,
இடது கால் மட்டும் தைக்கிற லைன்.
வலது கால் சுவருக்கு அந்தப் பக்கம்.
இரண்டும் டப்பாவில்தான் சந்திக்கும்.
எனக்குக் கீழே முப்பத்திரண்டு ஆள்.
ஷிப்டுக்கு எண்ணி வாங்கி, எண்ணி விடுவேன்.

மேற்பார்வையாளர் என்பது சம்பளச் சீட்டில் மட்டும்.
ஊர்க்காரப் பெண்கள் முதுகுக்குப் பின்னால்
கங்காணி என்பார்கள்.
வடக்கத்திப் பெண்கள் வேறு ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள்,
அர்த்தம் கேட்டதில்லை.

பன்னிரண்டரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.
மேடம், என்றாள்.
இன்னும் நாற்பது கால் இருக்கு,
முடிச்சிட்டுப் போ, என்றேன்.
முப்பத்தேழாவதில் விழுந்தாள்.

காவேரிப்பட்டணம் தாண்டும்வரை முன்னால் ஒரு மாங்காய் லாரி.
பின்பலகையில் முனியப்பன் துணை.
திம்மராயன் ஹாரனைவிட்டுக் கையை எடுக்கவில்லை,
லாரி வழியும் விடவில்லை.
லாரியில் துணை என்றால் சாமி.
ஆபீசில் துணை மேலாளர் என்றால்
மேலாளருக்கு ஒரு படி கீழே.
எங்கள் ஊரில், இருட்டில் ஒதுங்கப் போகிறவள்
துணைக்கு வாடி என்றால்
முதுகைக் காட்டி நின்றுகொண்டு
பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
எதையாவது.
இருக்கிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வேனில் அவள் தலை என் மடியில்.
எனக்குத் தெரிந்த இந்தி பதினோரு வார்த்தை.
எல்லாம் வேலை வாங்குகிற வார்த்தை.
கித்னா என்று கேட்க முடியுமா வலியை?
ஜல்தி, ஜல்தி என்றேன்,
திம்மராயனிடம்.

ரவுண்டானாவில் பச்சைப் பலகை
பெங்களூருக்கு ஒரு கை, சென்னைக்கு ஒரு கை.
வழிகாட்டி.
நின்ற இடத்தைவிட்டு ஓரடி வராது.

ஹெச்.ஆர். போனில் வந்தார்:
கம்பெனி பேரு எழுதாதீங்க.
கார்டியன்னு போடாதீங்க, நாளைக்குப் பிரச்சனை.
கூட வேலை செய்றவங்கன்னு போடுங்க.
மூன்று வருஷமாக அவளுக்கு நான்
அப்படி இருந்ததே இல்லை.

அக்கா என்று எழுதப் போனேன்.
அ போட்டதும் கை நின்றுவிட்டது.
அதிகாரிக்கும் அதே எழுத்து.
பின்னால் வரிசை நெருக்கியது.
சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, போதும் விடு, என்று
படிவத்தை இழுத்துக்கொண்டார்.
குடல்வால் வெடித்துவிட்டதாம்.
அந்த 'அ' அவளோடு உள்ளே போனது.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது.
தரையில் உட்கார்ந்தேன்.
மேலிருந்து பார்த்தே பழகின கண்ணுக்கு
ஸ்ட்ரெச்சர் சக்கரம் தெரிந்தது,
யாரோ துப்பிய வெற்றிலை தெரிந்தது,
பிறகு கால்கள்.
எத்தனை இடது கால்.
என் மடியில் அவள் ரப்பர் செருப்பு ஒன்று,
வேனில் ஒன்றுதான் கிடைத்தது.
வலது.

ஐந்து மணி இருக்கும்.
கதவு ஒரு சாண் திறந்து
நர்சம்மா தலை மட்டும் வெளியே வந்தது.
சம்பா ஆளு யாரு?

என்னிடம்தான் ஆள் இருப்பார்கள் என்று
இதுவரை நினைத்திருந்தேன்.

சம்பா ஆளு! இருக்கீங்களா இல்லையா?

எழுந்தேன்,
செருப்போடு.