அரை அங்குலம்

தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு
காசிமேட்டில் சும்மா நின்ற சித்திரை.
ஏலக்கூடத்துச் சுவரில் சட்டம் எழுத
என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுத்தெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
சினை நண்டைப் பிடிக்காதே.
சினைச் சிங்கியைக் கடலுக்கே விடு.
இருநூறு கிராமுக்குக் குறைந்ததைத் தொடாதே.
மூன்று வரி. மத்தியானச் சோற்றுக்கு முன் முடிந்தது.

"படமும் போடுப்பா, அசல் அளவுல.
தராசு இல்லாதவன் வச்சுப் பார்க்கணும்"
என்றார் மீன்துறை அதிகாரி.

நண்டு சுலபம்.
மல்லாத்திப் போட்டு வயிற்று மடலை
அகலமாக வரைந்தால் பெண்.
அதன் அடியில் பஞ்சுபோல் முட்டை:
மஞ்சள் ஒரு கரண்டி, சிவப்பு ஒரு சொட்டு.

சிங்கியில்தான் மாட்டிக்கொண்டேன்.
எங்கோ ஓட்டல் பலகையில் பார்த்த ஞாபகத்தில்
இரண்டு பெரிய கொடுக்குகள் போட்டுவிட்டேன்.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பையன்கள்
கட்டையைக் கீழே போட்டுச் சிரித்தார்கள்.
"நம்ம கடல் சிங்கிக்கு ஏதுண்ணே கொடுக்கு?
மீசைதான்!"

மறுநாள் ஃபைபர் படகுக்காரர் தேசப்பன்
ஈரச் சாக்கில் ஒன்றைக் கொண்டுவந்தார்.
தராசில் இருநூற்று மூன்று.
அவர் சுவரோடு அழுத்திப் பிடிக்க
நான் சுற்றிலும் பென்சில் ஓட்டினேன்.
அது வாலைச் சுருட்டும், அவர் நீவி நிமிர்த்துவார்.
பத்து நிமிடம் சட்டம்
எங்கள் நான்கு கைகளுக்குள்
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
கண்ணிலிருந்து வால் நுனிவரை
ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு.

சாயங்காலம் கம்பெனிக்குச் சரக்கு எடுக்கும் அருள்தாஸ்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
"கொஞ்சம் பெருசா இருக்கே, மாஸ்டர்.
வால்ல ஒரு அரை இஞ்சு...
யாருக்குத் தெரியப்போவுது?"
சட்டைப்பைக்குள் ஆயிரம் ரூபாய் நுழைந்தது.

வீட்டில் சிலிண்டர் காலி.
இதைச் சாக்காகச் சொல்லவில்லை.
சிலிண்டர் காலி, அவ்வளவுதான்.
வெள்ளையில் தோய்த்த பிரஷ்
ஒரே இழுப்பு.

ஆனி பிறந்தது. படகுகள் போயின, வந்தன.
பாக்கிப் பணம் கேட்டுப் போன காலையில் பார்த்தேன்:
கூடையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து
என் சுவரில் வைத்துப் பார்க்கிறார்கள்.
செல்லும்.
செல்லும்.
இதுவும் செல்லும்.
கிழிந்த நோட்டை வாங்கிப் போடுகிறவனின் குரலில்
யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தேசப்பன் வந்தார்.
படத்தின் மேல் தன் சாணை விரித்தார்.
மிச்ச இடத்தில் விரலை வைத்தார்:
ஒன்று, இரண்டு,
மூன்றாவதைப் பாதி மடக்கினார்.
என்னைப் பார்த்துத் திட்டியிருக்கலாம்.
சுவரைத்தான் பார்த்தார்,
பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவு டார்ச் வெளிச்சத்தில்
அரை அங்குலத்தைத் திருப்பி வைத்தேன்.
பழைய டப்பா தீர்ந்துபோயிருந்தது.
வேறு கடைச் சிவப்பு, கொஞ்சம் கறுப்போடியது.
ஒட்டுப்போட்ட சட்டைபோல்
வால் தனியாகத் தெரிந்தது.
ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தரவில்லை.
அது சாம்பாராகி வெகுநாள் ஆகிவிட்டது.

இப்போது அங்கே இரண்டு அளவு.
அருள்தாஸின் ஆட்கள் வெளுத்த சிவப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.
தேசப்பன் கறுத்த சிவப்புவரை கேட்பார்.
தினம் விடியற்காலை நாலு மணிக்குச் சண்டை.
அதிகாரி வந்து பார்த்துவிட்டு,
"பெயிண்ட் மட்டம்" என்று குறித்துக்கொண்டு போனார்.

போன வாரம் டீ கிளாஸோடு நின்றிருந்தேன்.
ஐஸ் பையன்களில் ஒருவன்
ஒரு சிங்கியைச் சுவரோடு வைத்தான்.
வால் நுனி சரியாக
அந்த ஒட்டுக் கோட்டின்மேல் வந்து நின்றது.

"அண்ணே, நீதானே வரைஞ்ச.
இது செல்லுமா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது.
அது ஒருமுறை வாலை நீட்டியது.
ஒருமுறை சுருக்கியது.