இடது இடுப்பில் ஒரு கோடு

மங்கலம் ரோடு, இரண்டாவது மாடி, செக்கிங் டேபிள்.
டியூப் லைட்டுக்குக் கீழே பதினோரு வருசமாகப்
பிசகைத் தேடுவதற்கு எனக்குச் சம்பளம்.
ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை,
தோளில் வந்து சேராத வரி.
கண்டால் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
அம்பு ஒட்டிய பீஸ் கப்பல் ஏறாது.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
சம்பளமில்லாத வேலை ஒன்று.
லைன் வீட்டில் கடைசி ரூம்,
தம்பி விட்டுப்போன பழைய லேப்டாப்,
அதற்குள் கென்யா.
மரத்தில் கட்டிய கேமராக்கள்
அசைந்ததையெல்லாம் பிடித்து அனுப்புகின்றன.
எது, எத்தனை, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது
என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூறு படத்தில் புல்.
காற்று அடித்திருக்கிறது, புல் சாய்ந்திருக்கிறது,
யாரோ வந்துவிட்டதாக நினைத்துப்
படம் எடுத்துவைத்திருக்கிறது கேமரா, பாவம்.
'ஒன்றுமில்லை' என்று ஒரு பட்டன்.
அமுக்குவேன். அடுத்தது. அமுக்குவேன்.
ஒன்றுமில்லை என்பதும் கணக்குதான் என்று
அங்கிருந்து எழுதியிருந்தாள் நாசெரியன்.
எங்கள் கம்பெனியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பங்குனியில் அவளைப் பார்த்தேன்.
இடது இடுப்பில் ஐந்தாவது கோடு
பாதி தூரம் வந்து, மனசு மாறி,
ஆறாவதோடு போய்ச் சேர்ந்திருந்தது.
கை தானாக மேசையில் ஸ்டிக்கரைத் துழாவியது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
அங்கே அந்தப் பிசகுதான் பேர்.

நாலு நாள் கழித்து வேறொரு கேமராவில்,
இருட்டில், பின்பக்கம் மட்டும்.
அவள்தான் என்றேன்.
சரிபார்த்துவிட்டு நாசெரியன் கேட்டாள்:
எங்கே படித்தாய் இதை?
திருப்பூரில் என்றேன்.
பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்தொரு நாள் நேரில் வரச் சொன்னார்கள்,
வரிக்குதிரை எண்ண ஆள் வேண்டுமாம்.
கூடாரமும் சோறும் அவர்கள் பொறுப்பு,
டிக்கெட் நம்முடையது.
பாஸ்போர்ட் விசாரிக்க வந்த ஏட்டு
வாசலில் நின்றபடி கேட்டார்,
"ஆப்பிரிக்காவுல உனக்கு ஆரு அம்மிணி இருக்கறது?"
"ஒரு வரிக்குதிரைங்க."
எழுதுவதா விடுவதா என்று தெரியாமல்
பேனாவைக் காதில் சொருகிக்கொண்டார்.
"சொந்தக்காரங்கன்னு போட்டுக்குங்க சார்"
என்றாள் பக்கத்து வீட்டு யமுனாராணி,
பருப்பு தாளித்துக்கொண்டே.

பாஸ்போர்ட் வந்து பீரோவில் கிடக்கிறது.
முதல் பக்கத்தில் நான்
ராத்திரிக் கேமராவில் மாட்டிய மிருகம்போல முழிக்கிறேன்.
சீட்டுப் பணமும் போனசும் சேர்த்தால்
போவதற்கு மட்டும் ஆகும்.
"இருபத்தொரு நாளா?" என்றார் அர்த்தநாரி சார்.
"ஷிப்மெண்ட் இருக்குதுங்களே."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வைகாசிக்குப் பிறகு
எந்தப் படத்திலும் அவள் இல்லை.
மழை வேறு பக்கம் பெய்திருக்கும்,
அந்தப் பக்கம் போயிருப்பாள் என்கிறாள் நாசெரியன்.
கம்பிக் கண்ணியைப் பற்றி
நானும் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை.

இன்றைக்கு வந்த லாட்
குழந்தை சைஸ், கறுப்பும் வெள்ளையும் வரி போட்டது.
முந்நூற்றுச் சொச்சத்தில் ஒன்று
இடது விலாவில் கோடு பிசகி.
விரித்துப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.
அம்பு ஒட்டினேன்.
ஒட்டாமல் விட்டால் அடுத்த டேபிளில் ஒட்டுவார்கள்.

இப்போது ஆடி.
பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பிய காற்று
பல்லடத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு வந்து
எங்கள் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
கொடியில் என் சுடிதார் ஒருபக்கமாகச் சாய்கிறது.
திரையில் புல்லும் சாய்ந்திருக்கிறது,
யாரோ இப்போதுதான் உள்ளே நுழைந்த மாதிரி.
விரல் பட்டன்மேல் இருக்கிறது.
முன்பெல்லாம் ஒரு படத்துக்கு இரண்டு நொடி.
இப்போது கொஞ்சம் கூடவே ஆகிறது.