நாணயம்

லங்னௌவில் ஒரு நிலக்கீழ்க் கார் தரிப்பிடம்,
பதினேழாம் இலக்கம்.
எஷ்லிமன் போர்வையை விலக்கினார்.
பச்சை உடம்பு, நீண்ட கழுத்து,
கழுத்து நுனியில் ஒரு பிளேடு,
மயிரிழைக்குப் பல் முளைத்த மாதிரி.

"கொரோனா நேரம் வாங்கினது.
இரண்டு தரம்தான் பாவித்தேன்."
பக்கத்தில் நின்ற துடுப்பு மெஷினும்
பாண் சுடும் மெஷினும் அக்கோடியனும்
கேட்டால் அதையேதான் சொல்லும்.

நூற்றி எண்பது பிராங்க்.
தானம் கொடுத்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
இது விலைக்கு.

காற்றூதும் குழாயை உருவி
உள்ளங்கையில் தட்டினேன்.
ஒரு தேக்கரண்டி மரத்தூள்.
தட்டின் மேல் உருக்கு அடிமட்டத்தை நிறுத்தி
பின்னால் டோர்ச் அடித்தேன்;
வெளிச்சம் கசியவில்லை, நல்லது.
மேற்கையைப் பிடித்து இடம் வலம் ஆட்டினேன்.
ஆடவில்லை.
அதுதான் யோசனையாக இருந்தது,
இந்த வயதில் எதுவும் கொஞ்சம் ஆடும்.
பிடியில் ஆணித்தலை இல்லாத வெறும் பிளேடும் நின்றது.
எனக்கு வேண்டியது அதுதான்.
முகத்தில் காட்டவில்லை.

அடுத்த மாதம் தூணில் ஒரு கலியாணம்.
நாற்பது மேசைக்கும் மணமக்கள் பெயரை
மூன்று மில்லிமீற்றர் பலகையில் அறுத்துத் தருவதாக
இல்லாத மெஷினை நம்பி வாக்குக் கொடுத்திருந்தேன்.
நிறோஜன் பரவாயில்லை.
அபிரணியில் இருக்கிறது மூன்று சுழி.
சுழிக்குள் வெளியிலிருந்து நுழைய முடியாது.
கடுகளவு துளை போட்டு
பிளேடைக் கழற்றி, துளையில் கோத்து, திரும்ப மாட்டி
உள்ளே அறுத்து
மறுபடி கழற்றி
மணப்பெண் ஒருத்திதான், மேசை நாற்பது.

கைப்பையிலிருந்து ஐந்து பிராங்க் குற்றியை எடுத்து
தட்டில் விளிம்பாக நிறுத்தினேன்.
எஷ்லிமன் ஒரு அடி பின்னால் போனார்.
நானூறு. அறுநூறு. நின்றது.
ஆயிரத்தில் பல்வலிக்காரன் போல முனகியது மெஷின்,
குற்றி நின்றது.
ஆயிரத்து இருநூறில் ஒருமுறை தலையாட்டி
சாய்ந்து, உருண்டு
ஆழ்குளிர்ப் பெட்டிக்கு அடியில் போயிற்று.

இருவரும் முழங்காலில் நின்று தேடினோம்.
அந்த இருட்டைப் பார்த்துத்தான் பேசினார், என்னை அல்ல:
"நீங்கள் வருவதால் இன்று காலை
மேற்கை ஆணியை இறுக்கினேன்.
உள்ளே பியர்த் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்."
கொஞ்ச நேரம் தூசியை விலக்கினார்.
"இரண்டு தரம் இல்லை. இரண்டு குளிர்காலம்.
மாசியில் பிள்ளை பிறக்கும்,
தள்ளுவண்டிக்கு இடம் வேணும்."

குற்றி அகப்படவில்லை.
எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு
அவராகவே நூற்றி முப்பது என்றார்,
பிறகு பெட்டியைப் பார்த்து
"உங்கள் ஐந்து உள்ளே கிடக்கிறது. நூற்றி இருபத்தைந்து."

கொண்டு போன துண்டுப் பலகையில்
ண ஒன்று அறுத்துப் பார்த்தேன்.
முதல் சுழி வெண்ணெய். இரண்டாவதும்.
மூன்றாவதில் பிளேடு ஒரு மயிர் அளவு
வெளியே போய்த் திரும்பியது.
அபிரணிக்குத் தெரியாது.
எண்ணிக் கொடுத்தேன்.

பூர்க்டோர்ப் ரயிலில் கைபேசி சிணுங்கியது.
எஷ்லிமனிடமிருந்து ஐந்து பிராங்க் வந்திருந்தது,
கூடவே ஒரு வரி:
குற்றி அகப்பட்டது, உங்களுடையது.

அதைத்தான் விலையில் கழித்தாயிற்றே.
மறந்துவிட்டாரா,
இல்லை, இப்போது அவர்
என்னை விளிம்பில் நிறுத்திப் பார்க்கிறாரா?
பதில் எழுதத் தொடங்கி அழித்தேன்.

ஹாஸ்லே தாண்டி வளைவு.
காலிடுக்கில் பதினெட்டுக் கிலோ பச்சை இரும்பு.
பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது,
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.