சீந்துவார்

ஆண்டாப் ஹில், ஏழாம் செக்டர்.
புகார்ச் சீட்டில் ஒரே வரி:
விளக்குக் கம்பியில் கொடி.

ஏணியைச் சாய்த்தேன்.
காம்ளே அடியைப் பிடித்துக்கொண்டு
அண்ணாந்து பார்த்து, குள்வேல் என்றான்.
அவன் மொழியில் வேல் என்றால் கொடி.
பம்பாய்க்கு வந்து பத்தொன்பது வருடம்.
இன்னும் வேலும் கொடியும் ஒன்றென்று கேட்கும்போது
உள்ளே ஒரு சேவல்
கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது.

எனக்கு அது சீந்தில்.

வேம்பைப் பற்றி ஏறி
அதன் கசப்பையும் வாங்கிக்கொண்டு
கம்பத்துக்குத் தாவியிருந்தது.
வெயிலில் உரிந்த தோல்போலக்
காகிதமாய்க் கழன்றது பட்டை.

காய்ச்சல் வருடத்தில்
இதற்குக் காவல் போட்டார்களாம்.
மூன்றாம் மாடி பர்வீன்
விடியுமுன் கத்தரிக்கோலோடு இறங்குவாளாம்.
முழம் முப்பது ரூபாயென்று
ஸ்டேஷன் வாசலில் விற்றானாம் ஒருவன்.
பி விங் குல்கர்ணி
நாளுக்கு மூன்று தம்ளர் குடித்து
கண் மஞ்சளாகி
சயான் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாராம்.
காவலாளி சொல்லச் சொல்லக்
கேட்டுக்கொண்டே ஏறினேன்.
அப்புறம் சீந்துவாரில்லை
என்று நினைத்ததும்
நாக்கு தடுக்கிற்று.

வெட்டினேன்.
கட்டைவிரல் தடிமன்.
வெட்டுவாயில் ஒரு சின்னச் சக்கரம்,
ஆரங்கள் எல்லாம் ஈரமாக.
கீழ்ப்பாதி விழுந்தது.
மேல்பாதி கம்பியில் சுற்றிக்கொண்டு வர மறுத்தது.
அதற்குள் மழை.
மழையில் ஏறக்கூடாது, அது விதி.
காய்ந்து தானே விழுந்துவிடும்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
புகார் முடிந்தது.

ஆவணியில் அதே சந்து, வேறு வேலை.

விழவில்லை அது.
வேர் இல்லை, மண் இல்லை,
நாற்பது நாளாய்க் காற்றைத் தின்று
கம்பியிலிருந்து ஒரு நூலை இறக்கியிருந்தது.
பூக்கட்டும் நாரைவிட மெலிசு. பச்சை.
தரைக்கு இன்னும் நான்கடி.
தரையோ, இடைவெளி விடாமல் பதித்த
சிமெண்ட் கல்.

அந்தக் கல்மேல், ஏறக்குறைய நேர் கீழே,
ஒரு பெயிண்ட் டப்பா.
வாய்வரை மண்.

பி விங் ஜன்னலில் ஒருவர் நின்றிருந்தார்.
கண் இன்னும் கொஞ்சம் மஞ்சள்.
நான் பார்த்ததும்
திரையை இழுத்துக்கொண்டார்.

கடல் காற்று. நூல் ஆடிற்று.
எங்கே வந்து நிற்கிறதென்று
இரண்டு முறை பார்த்தேன்.
பிறகு டப்பாவைக் காலால்
ஒரு சாண் கிழக்கே தள்ளினேன்.

காம்ளே ஏணியைத் தோளில் ஏற்றி
சந்தின் மறுமுனையை
ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.