ஒரு வரி காலியாக

காலை பத்துக்குள் அட்டவணை வேண்டும்.
ஐஸ் தொழிற்சாலையின் மாடியில், அம்மோனியா வாடையோடு
கோப்பைத் திறக்கிறேன்.
அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி:
படகுக்குள் பயணம், பயணத்துக்குள் வலையிழுப்பு,
இழுப்புக்குள் கூடை, கூடைக்குள் மீன்,
மீனுக்குள் எடை, தரம், ஏலம் போன விலை.
காசிமேட்டில் கஜபதி
ஈரக் கட்டைவிரலால் கைப்பேசியில் தட்டியதெல்லாம்
சுருக்குப் பைக்குள் சுருக்குப் பையாக
மாடியேறி வருகிறது.

நசீர் சாருக்குச் சுருக்குப் பை பிடிக்காது.
மேலே தலைப்பு, கீழே எண், கடைசியில் கூட்டல்.
"தட்டையா குடும்மா. பாங்க்காரன் பாக்கணும்."

தட்டையாக்குவது சுலபம், நான்கு வரி நிரல்.
உள்ளே இருப்பதை வெளியே இழு,
இழுக்கும் ஒவ்வொன்றின் முதுகிலும்
வெளியே இருந்ததை ஒரு தடவை எழுது.
ஏழு வகை மீன் என்றால்
படகின் பெயர் ஏழு முறை.
வஞ்சிரத்தோடும் அஞ்சலாட்சி,
காரப்பொடியோடும் அஞ்சலாட்சி,
ஐஸ் போடக்கூட லாயக்கில்லாத கழிசலோடும்
அஞ்சலாட்சி.

போன செவ்வாய் இதில்தான் வழுக்கினேன்.
அறுநூறு லிட்டர் டீசல் ஏழு வரியிலும் ஏறிக்கொண்டு
நாலாயிரத்து இருநூறாகிவிட்டது.
"மீன் புடிக்கப் போனானா, அந்தமானுக்குப் போனானா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
டீசல் படகினுடையது.
எது எதனுடையது என்று தெரியாமல் கூட்டக் கூடாது:
மஞ்சள் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டியிருக்கிறேன்.

இன்று டீசல் சரி. எடை சரி.
படகுகளை எண்ணினேன், சும்மா.
கோப்பில் நாற்பத்தொன்று.
அட்டவணையில் நாற்பது.

ஜன்னலுக்குக் கீழே எண்ணூர் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் அரை மணியாக நகரவில்லை.
ஒரு கிளீனர் இறங்கி டயர் டயராகத் தட்டிப் பார்க்கிறான்.
நான் வரி வரியாக.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று.
ஓட்டுநர் தேசப்பன். ஆட்கள் எட்டு.
ஆறு நாள். டீசல் அறுநூற்று ஐம்பது.
பிறகு மீன் என்ற இடத்தில்
ஒரு சதுர அடைப்பு திறந்து
உள்ளே எதுவுமில்லாமல் மூடியிருந்தது.

உள்ளே இருப்பதை இழு என்றேன் அல்லவா,
இழுக்க ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்கு முதுகு ஏது, பெயர் எழுத?
என் நிரல் தப்பு செய்யவில்லை.
சொன்னதைச் செய்து
எட்டுப் பேரையும் ஆறு நாளையும்
சத்தமில்லாமல் தாண்டிவிட்டது.

கஜபதியைக் கூப்பிட்டேன். பின்னால் ஏலக் கூச்சல்.
"தேசப்பனா? பாடே இல்ல. வலை பாருல மாட்டி கிழிஞ்சிகிச்சு,
இஞ்சின் வேற மக்கர். இட்டுகினு வந்ததே பெரிசு.
நீ இன்னா, எடுத்துடு அத்த."

எடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இல்லை.
வைப்பதற்குத்தான்
நிரலில் ஒரு சொல் கூடுதலாய்த் தேவைப்பட்டது.
சேர்த்தேன். நாற்பத்தொன்று.
மீன் வகை காலி. எடை காலி. விலை காலி.
பூஜ்ஜியம் போடவில்லை.
பூஜ்ஜியம், தராசில் வைத்துப் பார்த்தவன் எழுதும் எண்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
பத்து ஐந்துக்கு நசீர் சார் வந்தார்,
அச்செடுத்த தாளில் விரலை வைத்தபடி.
"இது இன்னா, ஒரு வரி பல்லு போன மாதிரி கீது?"
"படகு சார்."
"மீன் இல்லியே."
"டீசல் இருக்கு சார்."
கூட்டலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கிலோவுக்கு ஆன டீசல் ஏறியிருந்தது,
பாங்க்காரனுக்குப் பிடிக்காத பக்கமாக.

தாளை மடித்துக்கொண்டு போனார்.
அந்த வரியை வைப்பாரோ மறைப்பாரோ.
மறைக்க, வலது பக்கம் ஒரு சொடுக்கு போதும்.

கீழே லாரி நகர்ந்தது, ஒரு வண்டி நீளம்.
திரையில் நாளைய கோப்பு வர ஆரம்பித்திருந்தது:
முதல் அடைப்பு திறந்தாயிற்று,
இன்னும் மூடவில்லை.